சான்று கேட்ட குரல்

தொலைக்காட்சியில் செய்தி சொல்பவரும் விவாதம் நடத்துபவரும் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி இந்நாளில் இரண்டு கொள்கைகள் உலவுகின்றன. அவர் எப்பக்கமும் சாயாமல் இரு சாராரையும் பேசவிட்டு, இருவருக்கும் நேரத்தைச் சமமாக அளந்து கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது ஒன்று. அவர் மக்களின் வழக்கறிஞர்; ஆகையால் தமக்குக் குற்றவாளி எனத் தோன்றுபவரைக் கூண்டில் ஏற்றி, குரலை உயர்த்தி, மூச்சுவிட இடமின்றிக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை நடுநிலைமை என்கிறார்கள். பின்னதைத் துணிவு என்கிறார்கள். முன்னது நடுநிலைமையும் அன்று. பின்னது துணிவும் அன்று என்பதே எமது கருத்து.

இக்கருத்தை நிறுவ நீண்ட தருக்கம் வேண்டியதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கை போதும். அவர் எட்வர்ட் ஆர். மர்ரோ. அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனத்தில் 1935 முதல் 1961 வரை பணிபுரிந்து, முதலில் வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் தம் நாட்டு மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர். மேற்சொன்ன இரு கூட்டத்தாரும் அவரையே தம் முன்னோராகக் காட்டிக் கொள்வதுதான் விந்தை! நிதானமாகப் பேசினார், ஆகவே எங்களவர் என்கிறார்கள் முதற் கூட்டத்தார். செல்வாக்கு மிக்க செனட்டர் ஒருவரை எதிர்த்து நின்றார். ஆகவே எங்களவர் என்கிறார்கள் இரண்டாம் கூட்டத்தார். உண்மையில் அவர் இருவரையும் சேர்ந்தவரல்லர். அவர் செய்த அரும்பணி ஒன்றே. குற்றம் சாட்டியவரிடம் சான்று கேட்டார். அவ்வளவுதான். அந்த அவ்வளவைச் செய்வதற்கே அந்நாளில் அந்நாட்டில் ஆளில்லாதிருந்தது.

அவர் கற்ற பாடம்

மர்ரோ 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று வட கரோலினா மாநிலத்தில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறுவனாயிருக்கும்போதே குடும்பம் நாட்டின் மறு கோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. காடுகளில் மரம் வெட்டும் முகாம்களில் உழைத்து, அம்மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குப் பேச்சுக் கலை கற்பித்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன், இளம்பிள்ளை வாதத்தால் உடல் நலிந்தவர். குரலை அடக்கிச் சொல்லை நிறுத்தும் கலையை மர்ரோ அவரிடமே கற்றார்.

ஆயின், அவருடைய வாழ்வின் திசையைத் தீர்மானித்தது பேச்சுக் கலையன்று. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களிலிருந்து பேராசிரியர்கள் துரத்தப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் யூதர்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் இடம் தேடித் தந்த குழுவில் இளைஞர் மர்ரோ துணைச் செயலாளராகப் பணிபுரிந்தார். ‘இவர் என்ன செய்தார்?’ என்று கேளாமல், ‘இவர் யாருடைய மகன்?’ என்று கேட்டு ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் வழக்கம் எவ்வாறு தொடங்குகிறது என்பதை அவர் அங்கே கண்டார். அது எங்கே போய் முடியும் என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1945 ஏப்ரலில், விடுவிக்கப்பட்ட புக்கன்வால்ட் சிறை முகாமுக்குள் நடந்து சென்று கண்டார். அடுக்கி வைக்கப்பட்டிருந்த பிணங்களை எண்ணிப் பார்த்து, அவ்வெண்ணிக்கையை வானொலியில் சொன்னார். ஒரு கூட்டத்தார்மீது சுமத்தப்படும் பழி வேலை நீக்கத்தில் தொடங்கிப் பிணக்குவியலில் முடிவதை, தொடக்கத்திலும் முடிவிலும் அருகிருந்து பார்த்த செய்தியாளர்கள் மிகச் சிலரே.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அவர் பெயர் பெற்றார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் புகுந்த செய்தியை அந்நகரிலிருந்தே சொன்னார். 1940இல் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு வீசிய இரவுகளில், கட்டடங்களின் மேல்தளத்தில் நின்று தாம் கண்டதை அமெரிக்க மக்களுக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஓரிரவு டிரஃபால்கர் சதுக்கத்தருகே நின்று பேசுகையில், ஒலிவாங்கியைக் குனிந்து நடைபாதையில் வைத்தார். அபாயச் சங்கு ஊதியும் ஓடாமல், புகலிடத்தை நோக்கி நிதானமாக நடந்து செல்லும் மக்களின் காலடி ஓசை கடல் கடந்து கேட்டது. ‘லண்டன் மக்கள் அஞ்சாநெஞ்சினர்’ என்று அவர் முழங்கவில்லை. காலடி ஓசையைக் கேட்கச் செய்தார். முடிவைக் கேட்போரிடம் விட்டார். சான்றை முன்னே வைத்துத் தம் குரலைப் பின்னே நிறுத்தும் இந்த முறையே பிற்காலத்தில் தொலைக்காட்சியில் அவருக்குக் கைகொடுத்தது.

அச்சம் ஆண்ட காலம்

1950 பிப்ரவரி 9 அன்று விஸ்கான்சின் மாநிலச் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி ஒரு கூட்டத்தில் பேசினார். வெளியுறவுத் துறையில் வேலை செய்யும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையிலிருக்கிறது என்றார். 205 பேர் என்று செய்தி வந்தது. சில நாட்களில் அது 57 ஆயிற்று. செனட் சபையில் பேசும்போது 81 ஆயிற்று. எண்ணிக்கை மாறிக்கொண்டே போனபோதும், ‘ஐயா, அந்தப் பட்டியலைக் காட்டும்’ என்று வற்புறுத்தியோர் சிலரே. ஏன்? கேட்பவன் பெயரும் அதில் ஏறிவிடக் கூடும் என்னும் அச்சம்!

ஒளிபரப்புத் துறையையும் அந்த அச்சம் விடவில்லை. 1950இல் ‘ரெட் சானல்ஸ்’ என்றொரு வெளியீடு 151 கலைஞர்கள், எழுத்தாளர்கள், ஒலிபரப்பாளர்கள் பெயர்களை அச்சிட்டது. பெயர் அச்சானவர்களுள் பலருக்குப் பிழைப்புப் போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் சி.பி.எஸ். நிறுவனமே தன் ஊழியர்களிடம் விசுவாசப் பத்திரம் கேட்டது. மர்ரோவும் அதில் கையெழுத்திட்டார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை; பின்னர் இதற்கு வருவோம்.

அவர் ‘சீ இட் நவ்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 1951 நவம்பரில் தொடங்கினார். தயாரிப்பில் துணை நின்றவர் ஃபிரெட் ஃபிரெண்ட்லி. 1953 அக்டோபர் 20 அன்று அந்நிகழ்ச்சியில் மக்கள் பார்த்தது யாரை? பெரிய மனிதர் எவரையுமன்று. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மைலோ ரதுலோவிச் என்ற மாணவரை. அவர் விமானப்படையின் ரிசர்வ் பிரிவில் லெப்டினன்ட். அவருடைய விசுவாசத்தில் ஐயமில்லை என்று விமானப்படையே ஒப்புக்கொண்டது. பிறகு என்ன குற்றம்? செர்பியாவிலிருந்து குடியேறிய அவர் தந்தை ஒரு செர்பிய மொழிப் பத்திரிகை வாங்கிப் படித்தாராம். அவருடைய சகோதரியின் கொள்கைகள் ஐயத்துக்குரியனவாம். இவர்களோடு உறவு வைத்திருப்பதால் லெப்டினன்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாம்! சான்று ஓர் உறையில் இருந்தது. அவ்வுறை விசாரணையில் திறக்கப்படவேயில்லை. தந்தையையும் சகோதரியையும் துறந்துவிட்டால் பதவி நிலைக்கும் என்ற நிலை ஏற்பட்டபோது, ‘பெற்றவரைத் துறக்க மாட்டேன்’ என்று அம்மகன் நின்றார். குடும்பம் என்பதன் பொருளறிந்த எவருக்கும் அந்நிலையின் கொடுமையை விளக்க வேண்டுமோ?

அந்நிகழ்ச்சிக்கு விளம்பரம் தர நிறுவனம் முன்வரவில்லை. மர்ரோவும் ஃபிரெண்ட்லியும் தம் சொந்தப் பணம் 1,500 டாலரைக் கட்டி நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் செய்தார்கள். அதில் சி.பி.எஸ். சின்னம்கூட இல்லை. அவர்கள் அந்த இளைஞரையும் அவருடைய தந்தையையும் சகோதரியையும் அண்டை வீட்டாரையும் பேசவிட்டார்கள். உறைக்குள் இருப்பது என்ன என்று கேட்டார்கள். ஐந்தே வாரங்களில், நவம்பர் 24 அன்று, விமானப்படைத் துறைச் செயலாளர் அதே நிகழ்ச்சியில் தோன்றி ரதுலோவிச் பதவியில் நீடிப்பார் என அறிவித்தார். பழி சொல்லப்பட்ட இடத்திலேயே பழி துடைக்கப்பட்டது. இந்நாளில் இது நடப்பதுண்டா என்பதைப் படிப்போர் சிந்திக்க.

மார்ச் 9

1954 மார்ச் 9 அன்று அவர் மெக்கார்த்தியையே எடுத்துக்கொண்டார். அரை மணி நேரம். அதில் பெரும்பகுதி மெக்கார்த்தி மெக்கார்த்தியின் வாயால் பேசியது. செனட்டரின் கூட்டங்களிலும் விசாரணைகளிலும் எடுத்த படச்சுருள்களைக் காட்டி, ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் உண்மையை வைத்தார். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ரீட் ஹாரிஸ் என்னும் அரசு அதிகாரி 1932இல், மாணவப் பருவத்தில், எழுதிய ஒரு நூலை வைத்துக்கொண்டு, இருபத்தோராண்டு கழித்து மெக்கார்த்தி அவரை வாட்டினார். அவருக்காக வழக்கறிஞர் தர முன்வந்த குடியுரிமைச் சங்கத்தைக் கம்யூனிஸ்டு முன்னணி எனப் பட்டியலிடப்பட்ட அமைப்பு என்றார். மர்ரோ படத்தை நிறுத்தி அமைதியாகச் சொன்னார்: அரசுத் தலைமை வழக்கறிஞரின் பட்டியலில் அச்சங்கம் இல்லை; வேறெந்த அரசு நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. அவர் வசை ஒன்றும் பேசவில்லை. பட்டியலைப் படித்துப் பார்த்திருந்தார். செனட்டர் படித்துப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மறைத்தார்.

நிகழ்ச்சியின் இறுதியில் மட்டும் தம் கருத்தைத் தம் கருத்தென்றே தெரியும்படி எழுதி வைத்துப் படித்தார். எதிர்ப்பைத் துரோகத்தோடு குழப்பிக் கொள்ளலாகாது. குற்றச்சாட்டு சான்று ஆகாது என்பதே அதன் சாரம். மறுமொழி சொல்ல மெக்கார்த்திக்கும் அதே அரை மணி நேரத்தைத் தர முன்வந்தார். ஏப்ரல் 6 அன்று செனட்டர் வந்தார். சொல்லப்பட்டவற்றுள் ஒன்றைக்கூட மறுக்காமல், மர்ரோவையே கம்யூனிஸ்டுகளுக்குத் துணை போனவர் என்று தூற்றினார். இடையில் யாரும் குறுக்கிடவில்லை. அவர் பேசப் பேச அவருடைய வழக்கு தானே சரிந்தது.

அடுத்த வாரமே, மார்ச் 16 அன்று, மற்றொரு காட்சி. பென்டகனில் வேலை செய்த ஆனி லீ மோஸ் என்ற கறுப்பினப் பெண்மணி மெக்கார்த்தியின் குழுமுன் நிற்கிறார். சாட்சி யார் என்று அவருக்குத் தெரியாது. சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்யவும் வழியில்லை. செனட்டர் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார். காலியான அந்நாற்காலியைப் படக்கருவி காட்டுகிறது. செனட்டர் மெக்கிளெல்லன் மட்டும், சான்றிருந்தால் சத்தியப்பிரமாணத்தின்மேல் கொண்டு வாருங்கள். இல்லையேல் பேசாதீர்கள் என்று வாதாடுகிறார்.

இங்கே நம்மை மடக்க நினைப்போர் ஒன்று சொல்வர். 1958இல் அரசு வாரியம் ஒன்று, கம்யூனிஸ்டுக் கட்சியின் பழைய பதிவேடுகளில் அப்பெண்ணின் பெயரும் முகவரியும் இருந்ததாகத் தெரிவித்தது. ஆகவே மர்ரோ ஏமாந்தார் என்பர். அன்று! மோஸ் அப்பழுக்கற்றவர் என்பதன்று மர்ரோ சொன்னது. காட்டாத சான்றைக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என்பதே அவர் காட்டியது. நீதிமுறை நல்லவர்களுக்கு மட்டும் உரிய சலுகையன்று. குற்றமற்றவனென்று நாம் முன்னரே நம்புகிறவனுக்கு மட்டும் நியாயம் கேட்போமாயின், அது நியாயமன்று, பாசம்.

ஆட்சேபங்கள்

இனி முதற் கூட்டத்தாரை நோக்குவோம். மெக்கார்த்தி ஒரு பக்கம், அவரால் வேலையிழந்தோர் ஒரு பக்கம். இருவருக்கும் பதினைந்து பதினைந்து நிமிடம் கொடுத்துவிட்டு மர்ரோ ஒதுங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பொய்க்கும் மெய்க்கும் ஒரே விலை என்றாகியிருக்கும். குற்றம் சாட்டுவோன் கையில் அதிகாரம். சாட்டப்பட்டவன் கையில் ஒன்றுமில்லை. இவ்விருவர்க்கும் நடுவில் நிற்பவன் உண்மையில் நடுவில் நிற்கவில்லை. தராசு பிடிப்பவன் எடையைப் பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டவன். இரு தட்டும் சமம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது வாணிகனுக்கே தகாதெனில், செய்தி சொல்வோனுக்குத் தகுமோ?

இரண்டாம் கூட்டத்தாருக்கும் விடை சொல்ல வேண்டும். ‘மர்ரோவும் குற்றம் சாட்டினார்; நாங்களும் சாட்டுகிறோம்’ என்பது அவர்கள் வாதம். வேற்றுமை இதோ. அவர் எதிர்த்தது அதிகாரத்தில் இருந்தவரை. நீங்கள் மடக்குவது பெரும்பாலும் திருப்பிப் பேச வலியற்றவரை. அவர் எதிராளியின் சொந்தச் சொற்களை இடமும் நாளும் சுட்டிக் காட்டினார். நீங்கள் எதிராளி சொல்லாததை அவர் வாயில் திணிக்கிறீர்கள். அவர் மறுமொழிக்கு முழு நேரம் தந்தார். நீங்கள் அரை வாக்கியத்தில் ஒலியை நிறுத்துகிறீர்கள். அவர் தம் கருத்தைத் தனியே எடுத்துச் சொன்னார். நீங்கள் கருத்தையே செய்தியென்று விற்கிறீர்கள். உங்கள் முன்னோர் மர்ரோ அல்லர். கையிலே ஒரு தாளைப் பிடித்து ஆட்டி, அதைக் காட்டாமலே ஊரை அச்சுறுத்தியவர்தாம் உங்கள் முன்னோர்!

‘மர்ரோ புனிதரா?’ என்று கேட்பாரும் உண்டு. அல்லர். அவர் பேசியது நான்காண்டு தாமதமாக. செனட் சபையில் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்ற பெண்மணி 1950 ஜூன் 1 அன்றே இம்முறையைக் கண்டித்துவிட்டார். விசுவாசப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டதையும் சொன்னோம். மெக்கார்த்தியை வீழ்த்தியதும் அவர் ஒருவரல்லர். அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ராணுவ விசாரணை தொலைக்காட்சியில் நாடெங்கும் காட்டப்பட்டது. டிசம்பர் 2 அன்று செனட் சபை 67க்கு 22 என்ற வாக்குகளால் அவரைக் கண்டித்தது. பின்னர் 1961இல் மர்ரோ அரசின் செய்தித் தொடர்பு நிறுவனத் தலைவரானபோது, தாமே முந்திய ஆண்டு வழங்கிய ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’ என்ற ஆவணப்படத்தை, கூலிக்கு ஊர் ஊராய் அலையும் அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளரின் வறுமையைக் காட்டிய அப்படத்தை, பி.பி.சி. ஒளிபரப்பாதிருக்கும்படி கேட்டுக்கொண்டார். பி.பி.சி. இணங்கவில்லை. அரசாங்கத்தின் குரலான பின்பு அந்தக் குரலும் தன்னையே மறைக்க முயன்றது.

இக்குறைகள் நம் வாதத்தைப் பலவீனப்படுத்துமோ? இல்லை, உறுதிப்படுத்தும். சிறப்பு மர்ரோ என்ற மனிதரில் இல்லை. சான்று கேட்கும் முறையில் இருக்கிறது. அம்முறையைப் பற்றி நின்ற நாளில் அவர் உயர்ந்தார். விட்ட நாளில் தாழ்ந்தார். மகாவீரர் ஒருவர் வருவார் என்று காத்திருப்பதைவிட, எவரிடமும் அம்முறையைக் கேட்டுப் பெறுவதே மக்களுக்கு உகந்தது.

பெட்டியின் உரிமையாளர்கள்

மர்ரோவுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1955 ஜூனில் அதே நிறுவனத்தில் ‘64,000 டாலர் கேள்வி’ என்னும் வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கிற்று. முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் விற்கும் ஒரு நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்தது. நாடே அதன்முன் உட்கார்ந்தது. அந்நேரத்தின் விலை ஏறியது. அதே ஆண்டில் ‘சீ இட் நவ்’ தன் வாராந்தர இடத்தை இழந்தது. எப்போதாவது தலைகாட்டி 1958இல் நின்றது. மெக்கார்த்தி செய்ய முடியாததைச் சந்தை செய்து முடித்தது. இதில் மர்ரோவும் தூயவரல்லர். திரைப்பட நட்சத்திரங்களின் இல்லங்களைக் காட்டும் ‘பெர்சன் டு பெர்சன்’ என்ற நிகழ்ச்சியை 1953 முதல் 1959 வரை அவரே நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். ஆயினும் 1958 அக்டோபர் 15 அன்று சிகாகோவில் செய்தித் துறைத் தலைவர்கள் நிறைந்த அவையில், இக்கருவியை மக்களின் கண்ணைக் கட்டவே பயன்படுத்துகிறோம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள், பின் பழைய வழியே போனார்கள். புகைப்பழக்கத்தை விடமுடியாத அவர், 1965 ஏப்ரல் 27 அன்று, 57ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார்.

நம் கடன்

தூர தேசத்துப் பழங்கதை நமக்கெதற்கு என்று யாரும் கேட்க வேண்டா. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று தொடங்கிய வேளையில், தில்லி மர்க்கஸில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினர் நோயைத் திட்டமிட்டுப் பரப்பினார்கள் என்ற பழியை நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் பல இரவெல்லாம் முழங்கின. அங்கே சென்று வந்தோருள் தமிழகத்தாரும் பலர். அவ்வாண்டு ஆகஸ்டு 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டார்கள் என்றும், ஊடகங்கள் அவர்களுக்கெதிராகப் பெரும் பிரசாரம் செய்தன என்றும் எழுதிற்று. பழியை முழங்கியவர்களுள் எத்தனை பேர் அத்தீர்ப்பையும் அதே குரலில் முழங்கினார்கள்? ரதுலோவிச்சின் உறையை அவர்கள் அறியார்; ஆனால் அவ்வுறையை வைத்தே பிழைக்கிறார்கள்.

எனினும், அவர்களைக் குறைசொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. நம் வீட்டுக் கூடத்திலும் அப்பெட்டி இருக்கிறது. நமக்குப் பிடிக்காத ஒருவரை நெறியாளர் மடக்கும்போது நாமும் வாய்விட்டுச் சிரிக்கிறோம். நம்மவர்மீது பழி வந்தால் சான்று கேட்கிறோம். அடுத்தவர்மீது வந்தால் அதை நால்வருக்குச் சொல்லி மகிழ்கிறோம். இக்குணம் உள்ளவரை, கூச்சலிடுவோருக்கு விளம்பரமும் குறையாது, வருமானமும் குறையாது. ஆனி லீ மோஸுக்காக நிற்க மாட்டாதவர் ரதுலோவிச்சுக்காக நிற்கவும் தகுதியற்றவர்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளோடு அமர்ந்து செய்தி பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். குற்றம் சாட்டுபவர் யார்? சான்று எங்கே? சாட்டப்பட்டவர் சொன்ன சொல் இதுதானா? அவருக்கு மறுமொழி சொல்ல இடம் தரப்பட்டதா? விடை கிடைக்காத நிகழ்ச்சியை, அது நம்மைப் புகழ்ந்தாலும் சரி, அணைத்துவிடுங்கள். கோடிப்பேர் கேட்கும் குரல் ஓர் அமானிதம். அதைக் கையாளும் ஒருவர் அந்த அமானிதத்துக்குத் துரோகம் செய்தால், அவரைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் நம் கைவிரலில்தான் இருக்கிறது.